மண்ணில் கந்தகம்: அளப்பது எப்படி, நம்புவது எப்படி?



"நாம படிக்கறது பீங்கான். மண் பரிசோதனை அக்ரிகல்ச்சர்காரங்க வேலை. நமக்கு எதுக்குப்பா இது?" தலைப்பைப் பார்த்ததும் பலர் இப்படித்தான் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம்ம விருத்தாசலத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஒரு பக்கம் செராமிக் தொழிற்பேட்டை: உலை, அச்சு, களிமண் மூட்டை. இன்னொரு பக்கம் செம்மண் கொல்லை: முந்திரி, மல்லாட்டை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் இங்கேதான் இருக்கிறது. வி.ஆர்.ஐ. என்று பெயர் தாங்கி வரும் நிலக்கடலை, முந்திரி ரகங்கள் எல்லாம் நம்ம ஊர்ப் பெயரைச் சுமந்து வருபவைதான்.

இந்த இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆசாமி ஒருவர் உண்டு. அவர்தான் கந்தகம். மல்லாட்டைக்காரருக்கு அவர் குறைந்தால் நஷ்டம். பீங்கான்காரருக்கு அவர் கூடினால் நஷ்டம். இரண்டு பேருக்கும் அளந்து சொல்ல நாம் பிடிப்பது ஒரே பொருளைத்தான்: பேரியம் சல்பேட் என்ற வெள்ளை வீழ்படிவு. அதனால் மண்ணில் கந்தகம் அளக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் களிமண்ணில் அளக்கும் முறையையும் பாதி தெரிந்துகொண்ட மாதிரி.

கந்தகம் யாருக்கு வேண்டும்?

தழை, மணி, சாம்பல் ஆகிய மூன்றும் எல்லோருக்கும் தெரியும். கந்தகம் நான்காவது. பயிரின் புரதத்தில் உள்ள மெத்தியோனின், சிஸ்டைன் என்னும் அமினோ அமிலங்களுக்குக் கந்தகம் இல்லாமல் முடியாது. எண்ணெய் வித்துக்களுக்கு இதன் தேவை இன்னும் அதிகம். பற்றாக்குறை வந்தால் இளம் இலைகள் முதலில் மஞ்சளாகும். தழைச்சத்துக் குறைவில் அடியிலுள்ள பழைய இலைகள் முதலில் மஞ்சளாகும். கண்ணால் பார்க்கும்போது இந்த இரண்டும் சுலபமாகக் குழம்பிவிடும். அதனால்தான் லேப் வேண்டியிருக்கிறது.

முன்பெல்லாம் கந்தகத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அம்மோனியம் சல்பேட் உரத்தில் 24 சதவீதம் கந்தகம் இருந்தது. சூப்பர் பாஸ்பேட்டில் சுமார் 11 சதவீதம் இருந்தது. கேட்காமலே வயலுக்குக் கந்தகம் போய்ச் சேர்ந்தது. யூரியாவும் டி.ஏ.பி.யும் அந்த இடத்தைப் பிடித்த பிறகு அது நின்றது. இந்த இரண்டிலும் கந்தகம் கிடையாது. மூட்டையில் சத்து கூடியது, ஆனால் கந்தகம் சத்தமில்லாமல் கழன்றுகொண்டது.

இதை ஈடுகட்ட ஜிப்சம் போடுகிறார்கள். பாசன நிலக்கடலைக்கு ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சத்தை, விதைத்த 40 முதல் 45 நாளில், மண் அணைக்கும்போது இட வேண்டும் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. சுத்தமான ஜிப்சத்தில் 18.6 சதவீதம் கந்தகமும் 23.3 சதவீதம் கால்சியமும் இருக்கின்றன. கால்சியம் காய் திரள உதவும், கந்தகம் எண்ணெய்க்கு உதவும். 2015 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டத்தில் பார்க்கப்படும் 12 இனங்களில் கந்தகமும் ஒன்று. ஆக, ஒரு விவசாயியின் கையில் இருக்கும் அட்டையில் ஒரு கட்டத்தை நிரப்பப் போவது நம்மைப் போன்ற ஒருவர் எடுக்கும் ரீடிங்தான்.

மண்ணுக்குள் எந்த உருவில்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. மேல் மண்ணில் உள்ள மொத்தக் கந்தகத்தில் பெரும்பகுதி மக்கில், அதாவது கரிமப் பொருளில், கட்டுண்டு கிடக்கும். நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துச் சல்பேட்டாக மாற்றினால்தான் வேர் உறிஞ்ச முடியும். சல்பேட்டிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று மண்ணிலுள்ள நீரில் கரைந்திருப்பது. மற்றொன்று கயோலினைட் விளிம்பிலும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளின் மேலும் ஒட்டிக்கொண்டிருப்பது. செம்மண் புளிப்பாக இருந்தால் இந்த ஒட்டல் அதிகமாகும். இவை தவிர நிலக்கரி, பழுப்பு நிலக்கரிப் படுகைகளை ஒட்டிய களிமண்ணில் இரும்புச் சல்பைடு, அதாவது பைரைட், வரலாம்.

"மண்ணில் கந்தகம் எவ்வளவு?" என்று ஒருவர் கேட்டால், "எந்தக் கந்தகம்?" என்று திருப்பிக் கேட்பதுதான் முதல் பாடம். மல்லாட்டைக்காரருக்கு வேண்டியது இந்தப் போகத்தில் வேருக்குக் கிடைக்கும் சல்பேட். உலைக்காரருக்கு வேண்டியது கரையும் சல்பேட், கூடவே சுடும்போது வெளியேறப் போகும் மொத்தக் கந்தகம்.

மாதிரி எடுப்பது

லேப்பில் எவ்வளவு கவனமாக இருந்தாலும், மாதிரி தப்பானால் எல்லாம் தப்பு. ஒரு வயலில் 10 முதல் 15 இடங்களில், 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு "வி" போல வெட்டி, ஓரத்து மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். வரப்பு, மரத்தடி, எருக்குழி, உரம் கொட்டிய இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிர் எதிர்ப் பகுதிகளைத் தள்ளி, அரை கிலோவாகக் குறைக்க வேண்டும். இதை நாம் களிமண் மாதிரிக்கும் செய்கிறோமே, அதே குவார்ட்டரிங்தான்.

நிழலில் உலர்த்துங்கள், ஓவனில் வைக்காதீர்கள். சூட்டில் மக்கிலுள்ள கந்தகம் கொஞ்சம் சல்பேட்டாக மாறி, இல்லாததை இருப்பதாகக் காட்டும். உலர்ந்த பின் மரச் சுத்தியால் தட்டி 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்க வேண்டும். ஜிப்சம் போட்ட வயலில் போட்ட கையோடு மாதிரி எடுத்தால், நீங்கள் அளப்பது மண்ணை அல்ல, மூட்டையை!

எடை முறை: பழைய பெரியவர்

வேதியியல் லேப்பில் நாம் எல்லோரும் செய்த பரிசோதனை இது. சல்பேட் கரைசலில் கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் கொதிக்க வைத்து, சூடான பேரியம் குளோரைடைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிறோம். அமிலம் எதற்கு? அது இல்லாவிட்டால் பேரியம் கார்பனேட்டும் பாஸ்பேட்டும் கூடவே படிந்துவிடும். பிறகு நீராவித் தொட்டியில் வைத்துத் துகள்களை வளர விடுகிறோம். வாட்மேன் 42 தாளில் வடிகட்டி, கழுவிய நீரில் சில்வர் நைட்ரேட் விட்டால் வெண்மை வராத வரை கழுவி, குரூசிபிளில் சுட்டு எடை போடுகிறோம். கிடைத்த எடையை 0.1374 ஆல் பெருக்கினால் கந்தகம்.

நம்பகமான முறைதான். களிமண்ணுக்கும் நிலக்கரிக்கும் இன்றும் பயன்படும். ஆனால் வயல் மண்ணுக்கு? ஒரு கணக்குப் போடுவோம். ஒரு மண்ணில் கிடைக்கும் கந்தகம் 7.5 பி.பி.எம்., அதாவது ஒரு கிலோவில் 7.5 மில்லிகிராம் என்று வையுங்கள். 10 கிராம் மண்ணில் இருப்பது 0.075 மில்லிகிராம். அது தரும் பேரியம் சல்பேட் சுமார் 0.55 மில்லிகிராம். நம் நாலு தசமத் தராசு காட்டும் மிகச் சிறிய அளவு 0.1 மில்லிகிராம். ஐந்தாறு படிக்கட்டில் ஒரு மலையை அளப்பது போலத்தான்! வடிதாளின் சாம்பலே கணக்கைக் கெடுத்துவிடும். எனவே எடை போடுவதை விட்டுவிட்டு, அதே வீழ்படிவை ஒளியால் அளக்கிறார்கள்.

கலங்கல் முறை

1950-களின் தொடக்கத்தில் செஸ்னின், யீன் என்ற இருவர் இந்தக் கலங்கல் முறையை மண்ணுக்கும் பயிருக்கும் ஏற்றபடி வகுத்தார்கள். மண்ணிலிருந்து சல்பேட்டை எடுக்கக் கால்சியம் குளோரைடு கரைசலைப் பயன்படுத்தும் வழியை 1959இல் ஆஸ்திரேலியாவின் வில்லியம்ஸ், ஸ்டைன்பெர்க்ஸ் வெளியிட்டார்கள். நம் நாட்டு மண் பரிசோதனைக் கூடங்களில் இந்த இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள். படிகள் இவை:

1. 10 கிராம் மண்ணுடன் 0.15 சதவீதக் கால்சியம் குளோரைடு கரைசல் 50 மில்லி சேர்த்து அரை மணி நேரம் குலுக்க வேண்டும்.

2. வாட்மேன் 42 தாளில் வடிகட்ட வேண்டும். வடிநீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்க வேண்டும்.

3. 25 மில்லி பிளாஸ்க்கில் வடிநீர் 10 மில்லி, சோடியம் அசிடேட் – அசிட்டிக் அமில பஃபர் 10 மில்லி விட வேண்டும். எடை முறையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் செய்த காவல் வேலையை இங்கே பஃபர் செய்கிறது.

4. ஒரே அளவாகச் சலித்த பேரியம் குளோரைடு படிகம் 1 கிராம் போட்டு, சரியாக ஒரு நிமிடம் குலுக்க வேண்டும்.

5. 0.25 சதவீதக் கம் அகேசியா கரைசல் 1 மில்லி விட்டு, 25 மில்லிக்கு நிரப்ப வேண்டும்.

6. 5 நிமிடத்துக்குப் பிறகு, 30 நிமிடத்துக்குள், 420 நானோமீட்டரில் கலர்மீட்டரிலோ ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரிலோ ரீடிங் எடுக்க வேண்டும்.

இதில் இரண்டு இடம் பீங்கான் மாணவனுக்குச் சட்டென்று புரியும். முதலாவது, ஏன் கால்சியம் குளோரைடு? வெறும் தண்ணீரில் குலுக்கினால் களிமண் பிரிந்து மிதந்து, வடிதாளைத் தாண்டி வரும். அந்தக் கலங்கலையும் கருவி சல்பேட் என்றே படித்துவிடும். கால்சியம் அயனி வந்தால் களிமண் திரண்டு கீழே உட்கார்ந்துவிடும். சிலிப் வார்க்கும்போது எந்தக் கால்சியத்தைக் கண்டு "ஐயோ, சிலிப் கட்டிப்போச்சே" என்று பயப்படுகிறோமோ, அதே கால்சியம் இங்கே நமக்கு உதவிக்காரன். இரண்டாவது, கம் அகேசியா. கிளேஸில் பிடிப்புக்காகச் சேர்க்கும் அதே கோந்துதான் இங்கே பேரியம் சல்பேட் துகள்கள் உடனே கீழே இறங்காமல் தாங்கிப் பிடிக்கிறது.

கணக்கு

0.5435 கிராம் பொட்டாசியம் சல்பேட்டை ஒரு லிட்டரில் கரைத்தால் 100 பி.பி.எம். கந்தகக் கரைசல். அதைப் பத்து மடங்கு நீர்த்து 10 பி.பி.எம். ஆக்கி, 0, 1, 2.5, 5, 7.5, 10 மில்லி என்று தனித்தனி பிளாஸ்க்கில் எடுக்கிறோம். அவற்றில் முறையே 0, 10, 25, 50, 75, 100 மைக்ரோகிராம் கந்தகம் இருக்கும். நீர்க்கவும் நிரப்பவும் அதே கால்சியம் குளோரைடு கரைசலையே பயன்படுத்த வேண்டும். மற்றபடி மண் மாதிரிக்குச் செய்த எல்லாவற்றையும் இவற்றுக்கும் செய்து வரைபடம் போடுகிறோம்.

நம் மாதிரி வரைபடத்தில் 15 மைக்ரோகிராம் காட்டுகிறது என்று வைப்போம். அது 10 மில்லி வடிநீரில் இருந்தது. 50 மில்லியில் 75 மைக்ரோகிராம். அது 10 கிராம் மண்ணிலிருந்து வந்தது. ஒரு கிராமுக்கு 7.5 மைக்ரோகிராம், அதாவது 7.5 பி.பி.எம். ஹெக்டேர் கணக்குக்கு 2.24 ஆல் பெருக்கினால் 16.8 கிலோ. இந்தக் கரைசலில் எடுக்கும்போது 10 பி.பி.எம். என்பது வழக்கமான எல்லைக்கோடு. அதற்குக் கீழே என்றால் பற்றாக்குறை. ஆக, இந்த மண்ணுக்குக் கந்தகம் வேண்டும்.

எங்கே கோட்டை விடுவோம்?

குலுக்கும் நேரம், படிகத்தின் அளவு, ரீடிங் எடுக்கும் நிமிடம், வெப்பநிலை ஆகிய நான்கில் எது மாறினாலும் துகளின் அளவு மாறும், ரீடிங்கும் மாறும். காலையில் ஸ்டாண்டர்டு போட்டுவிட்டு, சாப்பிட்டு வந்து மாதிரிக்கு ரீடிங் எடுப்பது கூடாது.

சல்பேட் மிகக் குறைவாக இருந்தால் வீழ்படிவு தொடங்கவே தயங்கும். அப்போது பிளாங்க் உட்பட எல்லாப் பிளாஸ்க்கிலும் ஒரே அளவு தெரிந்த சல்பேட்டை விதை போலச் சேர்ப்பார்கள். எல்லாவற்றிலும் சமமாக இருப்பதால் கழிந்துவிடும்.

மக்கு நிறைந்த மண்ணின் வடிநீர் மஞ்சளாக வரும். 420 நானோமீட்டரில் அந்த நிறமும் ஒளியை உறிஞ்சும். கரித்தூள் போட்டு நிறம் நீக்கலாம். ஆனால் அந்தக் கரித்தூளிலேயே சல்பேட் இருக்கலாம். அதையும் பிளாங்க்கில் போட்டுப் பார்க்க வேண்டும்.

இனி, நம்மைப் போன்ற செராமிக் லேப்புக்கென்றே உள்ள ஆபத்து. நம் மேசை, அலமாரி, கை, சட்டை எல்லாம் என்ன தூசி? பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்! அது கால்சியம் சல்பேட். அதில் 22 சதவீதம் கந்தகம். ஒரு மில்லிகிராம், கண்ணுக்கே சரியாகத் தெரியாத தூசி, 10 கிராம் மண்ணில் விழுந்தால் 0.22 மில்லிகிராம் கந்தகம் கூடும். அதாவது 22 பி.பி.எம்.! 7.5 என்று வர வேண்டிய மண் 29.5 என்று வரும். "பற்றாக்குறை" என்று எழுத வேண்டிய இடத்தில் "போதும்" என்று எழுதிவிடுவோம். அதை நம்பி ஒருவர் ஜிப்சத்தை நிறுத்தினால், கந்தகத்தோடு காய்க்கு வேண்டிய கால்சியமும் போகாது. அறுவடை வரை அவருக்குத் தெரியவும் தெரியாது. உலர்த்தும்போதும் சலிக்கும்போதும் விழுந்த தூசியைப் பிளாங்க் காட்டிக் கொடுக்காது. ஏனென்றால் பிளாங்க்கில் மண்ணே இல்லை. எனவே அச்சு அறையிலிருந்து தள்ளி மாதிரியை உலர்த்துங்கள். சல்லடையை இதற்கென்றே தனியாக வையுங்கள். ஒரே மண்ணை மூன்று தடவை தனித்தனியாக எடை போட்டுச் செய்யுங்கள். தூசி விழுந்திருந்தால் மூன்றும் ஒத்துப்போகாது.

இன்னொரு சோதனை: அதே வடிநீரில் 10 மைக்ரோகிராம் கந்தகத்தைக் கூடுதலாகச் சேர்த்துப் பாருங்கள். 15 காட்டியது 25 அருகே காட்ட வேண்டும். 24 காட்டினால் சேர்த்ததில் 90 சதவீதம் திரும்பக் கிடைத்தது, பரவாயில்லை. 18 காட்டினால், நண்பரே, ரிப்போர்ட் எழுதாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்.

அதே முறை நம் களிமண்ணுக்கு

செங்கல்லிலும் டெரகோட்டாவிலும் வெள்ளையாக உப்புப் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். களிமண்ணில் கரையும் சல்பேட் உலரும்போது மேலே ஏறி வந்து படிவதும் அதற்கு ஒரு காரணம். மருந்து பேரியம் கார்பனேட். அது கால்சியம் சல்பேட்டோடு சேர்ந்து, கரையாத பேரியம் சல்பேட்டாகவும் கால்சியம் கார்பனேட்டாகவும் மாறிவிடும். கலங்கல் முறையில் பிளாஸ்க்குக்குள் நடந்ததுதான் இங்கே களிமண்ணுக்குள் நடக்கிறது.

எவ்வளவு போடுவது? அளந்தால்தான் தெரியும். பீங்கான் ரிப்போர்ட்டில் கந்தகத்தைச் சல்பர் ட்ரை ஆக்சைடாக எழுதுவார்கள். அதை 0.4 ஆல் பெருக்கினால் கந்தகம். கரையும் சல்பேட் 0.05 சதவீதம் என்று இந்தக் கணக்கில் வந்தால், கந்தகம் 0.02 சதவீதம், அதாவது 200 பி.பி.எம். ஒரு டன் களிமண்ணுக்குக் கணக்குப்படி 1.23 கிலோ பேரியம் கார்பனேட் வேண்டும். அது தண்ணீரில் மெதுவாகவே கரையும் என்பதால் நடைமுறையில் கொஞ்சம் கூடுதலாகப் போடுவார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஜிப்சம் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 2.4 கிராம்தான் கரையும். 50 மில்லியில் 0.12 கிராம். 10 கிராம் களிமண்ணில் அதற்கு மேல் ஜிப்சம் இருந்தால் மிச்சம் கரையாமல் அடியிலேயே தங்கிவிடும், ரீடிங் குறைத்துச் சொல்லும். அப்போது தண்ணீரைக் கூட்டிச் செய்து பார்க்க வேண்டும்.

பைரைட் இருந்தால் இந்த முறை அதைக் காணவே காணாது. அது தண்ணீரில் கரையாது. உலையில்தான் வாயைத் திறக்கும்: கந்தக டை ஆக்சைடு வாயு, கரும்புள்ளி, கிளேஸில் ஊசித்துளை. அதற்கு மொத்தக் கந்தகம் பார்க்க வேண்டும். நிலக்கரிக்கு எஷ்கா கலவை என்று ஒன்று உண்டு: மக்னீசியம் ஆக்சைடு 2 பங்கு, சோடியம் கார்பனேட் 1 பங்கு. அதோடு சேர்த்துச் சுட்டால் கந்தகம் முழுக்கச் சல்பேட்டாகிவிடும். பிறகு அதே பழைய எடை முறை. இப்போதைய கருவிகளில் மாதிரியை சுமார் 1350 டிகிரியில் எரித்து, வரும் வாயுவை அகச்சிவப்புக் கதிரால் அளக்கிறார்கள்.

எண்ணோடு முறையையும் எழுதுங்கள்

கால்சியம் குளோரைடுக்குப் பதில் கால்சியம் பாஸ்பேட் கரைசலால் எடுத்தால், ஒட்டியிருக்கும் சல்பேட்டையும் பாஸ்பேட் தள்ளிவிட்டு வெளியே கொண்டு வரும். அதே மண், ஆனால் எண் கூடும். ஐ.சி.பி. கருவியில் வைத்தால் வடிநீரில் கரைந்திருக்கும் கரிமக் கந்தகமும் சேரும். அப்போதும் எண் கூடும். மொத்தக் கந்தகம் என்றால் இன்னும் பல மடங்கு. இவற்றில் எதுவும் பொய் இல்லை. ஆனால் 10 பி.பி.எம். என்ற எல்லைக்கோட்டை வேறு முறையின் எண்ணோடு ஒப்பிட்டால் அது பொய்யாகிவிடும். "கந்தகம் 12" என்று மட்டும் எழுதிய ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான். எந்தக் கரைசல், என்ன விகிதம், எந்த முறை என்று ஒரு வரி சேர்த்தால்தான் அது முழு ரிப்போர்ட்.

கடைசியாகப் பாதுகாப்பு. பேரியம் குளோரைடும் கார்பனேட்டும் விஷம். வாயால் பிப்பெட்டில் உறிஞ்சாதீர்கள், பல்பு போடுங்கள். கை கழுவாமல் டீக்கடைக்குப் போகாதீர்கள். மிச்சக் கரைசலில் சோடியம் சல்பேட் விட்டு, பேரியத்தை வீழ்படிவாக்கிய பிறகே அப்புறப்படுத்துங்கள்.

நண்பர்களே, நாளைக்கு நம்மில் ஒருவர் தொழிற்பேட்டையில் களிமண் மூட்டையைச் சோதிப்போம். இன்னொருவர் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேரலாம். யாராவது ஊரில் அப்பாவுடைய மல்லாட்டைக் கொல்லை மண்ணை ஒரு பையில் கட்டிக் கொண்டு வரலாம். எதுவானாலும் முதலில் "எந்தக் கந்தகம்?" என்று கேளுங்கள். மேசையைத் துடையுங்கள். மூன்று தடவை செய்யுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் முறையை எழுதுங்கள். நமக்கு ரெக்கார்டு நோட்டில் அது ஒரு வரி. அதை நம்பி ஜிப்சம் வாங்கப் போகிறவருக்கு அது ஒரு போகம்.